தம்பி பட்டாளத்துக்கு எழுதிப் போட்டது

அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. ஜெராக்ஸ் என்பது போர்டில் எழுதியிருப்பது. என் வேலை, வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், பாஸ்போர்ட் என்று எது வந்தாலும் போடுவேன். ஆனால் சுற்றுவட்டாரத்துப் பையன்களுக்கு என்னைத் தெரிந்தது பட்டாளத்து விண்ணப்பத்தால்தான்.

ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்த மறுநாளே கடைவாசலில் நிற்பார்கள். காலையில் வாய்க்கால் கரையில் ஓடிவிட்டு அந்த வேர்வையோடேயே வருவார்கள். ஓடச் சொன்னால் ஓடுவார்கள், கம்பியில் தொங்கிப் பத்துத் தடவை ஏறச் சொன்னால் ஏறுவார்கள். காகிதம் என்றால் மட்டும் விழிப்பார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும். ஒன்றில் அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கும். "இது சின்னது தானக்கா, விட்டுருங்க" என்பார்கள். நான் விடமாட்டேன். "ஒரு எழுத்துக்காகத் திருப்பி அனுப்புவாங்கலே. மொதல்ல போய் ஆதாரைச் சரி பண்ணிட்டு வா" என்று அனுப்பிவைப்பேன்.

அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. போட்டோவுக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும், தாடி கூடாது. நன்னடத்தைச் சான்று ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு சான்று வேண்டும் என்றதும் பதினெட்டு வயதுப் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். போகுமுன்பு காதைச் சுத்தம் செய், சொத்தைப் பல்லை அடைத்துக்கொள், கண்ணாடி முன்னால் காலைச் சேர்த்து நின்று முட்டி இடிக்கிறதா என்று பார், கையில் கண்ட இடத்தில் பச்சை குத்தாதே. இதையெல்லாம் பத்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவள் மாதிரிச் சொல்வேன். எல்லாம் திரும்பி வந்தவர்கள் சொல்லி நான் தெரிந்துகொண்டது. இன்ன காரணத்துக்காக நிறுத்திவிட்டார்கள் என்று ஒருவன் வந்து அழுதால், அடுத்த வருஷம் வருகிறவனிடம் அதைச் சொல்லிவிடுவேன். என் பேச்சைக் கேட்டுப் போனவர்களில் சிலர் இப்போது காஷ்மீரிலும் அஸ்ஸாமிலும் இருக்கிறார்கள். லீவில் வந்தால் கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் வீடு மலைமேல் மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் இருந்தது. எங்கள் வீடு என்று சொல்வது பழக்கத்தில் வருவது. கம்பெனி கொடுத்த லைன் வீடு அது. அப்பா நான் பன்னிரண்டாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். அம்மா தேயிலை கிள்ளி எங்கள் இருவரையும் படிக்கவைத்தாள். நான் கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்து அப்படியே கடையில் சேர்ந்துவிட்டேன். தம்பியும் கல்லிடைக்குறிச்சியில் விடுதியில் இருந்துதான் பிளஸ் டூ முடித்தான். பிறகு எஸ்டேட் வேலை நிற்கப்போகிறது, எல்லோரும் கீழே இறங்க வேண்டும் என்று ஆயிற்று. அம்மா இரண்டு டிரங்குப் பெட்டியோடும் ஒரு கேஸ் சிலிண்டரோடும் இறங்கி வந்தாள். கல்லிடைக்குறிச்சியில் ஆற்றுக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள வாடகை வீடு பார்த்தோம். வந்த முதல் வாரம் அம்மா மின்விசிறியை அணைக்கவே விடவில்லை. சமவெளி வெயில் அவளுக்குப் புதிது.

தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. எஸ்டேட்டைக் காலி செய்யும் பேச்சு தொடங்கியிருந்த நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தங்கியிருந்த வேலைபார்க்கும் பெண்கள் ஹாஸ்டல் வாசலுக்கு வந்து நின்றான்.

"எக்கா, நானும் எழுதிப் போடட்டுமா?"

"எதுக்கு?"

"பட்டாளத்துக்கு."

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஊர்ப் பையன்களை எல்லாம் அனுப்பிவிட்டு என் தம்பி கேட்கும்போது தயங்கினேன்.

"நாலு வருஷம்தாம்லே வச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் நாலுல ஒருத்தனத்தான் எடுப்பாங்க."

"நாலு வருஷம் இருக்கதுக்கு எடம் குடுப்பாங்கல்லா."

அவ்வளவுதான் சொன்னான். பிறந்தது முதல் வேலை கொடுத்தவர்களே வீடும் கொடுத்துப் பார்த்தவன். வேலை என்றால் தங்க இடமும் சேர்ந்தது என்றே அவன் மனதில் இருந்திருக்கிறது. அன்றே கடையைத் திறந்து அவனுக்கு விண்ணப்பம் போட்டேன். முகவரி என்ற இடத்தில் மாஞ்சோலை லைன் வீட்டு எண்ணை எழுதினேன். ஆதாரில் அதுதான் இருந்தது.

கம்ப்யூட்டர் பரீட்சை பாளையங்கோட்டையில் நடந்தது. பாஸாகிவிட்டான். பாஸான நம்பர்களைப் பி.டி.எஃபில் நான்தான் தேடினேன். அவன் நம்பரைப் பார்த்தும் நம்பாமல் மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவனைக் கூப்பிட்டேன். அடுத்தது உடல் தேர்வு. வெளி மாவட்டத்தில் ஒரு மைதானத்தில். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இடையில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அம்மா கீழே வந்ததும் ரேஷன் கார்டு மாற்ற வேண்டியிருந்தது. அதோடு மூவரின் ஆதார் முகவரியையும் கல்லிடைக்குறிச்சிக்கு மாற்றிவிட்டேன். விண்ணப்பம் போட்ட பிறகு ஆதாரில் கை வைக்காதே என்று வருகிற பையன் ஒவ்வொருவனிடமும் சொல்கிறவள் நான். தம்பியின் விண்ணப்பத்தில் மாஞ்சோலை இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. உடல் தேர்வுக்கான அனுமதிச் சீட்டைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தபோதுதான் கை நின்றது. சீட்டில் மாஞ்சோலை, ஆதாரில் கல்லிடைக்குறிச்சி. இருப்பிடச் சான்றும் நன்னடத்தைச் சான்றும் எந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் வாங்குவது?

முதலில் மலைப் பகுதியைப் பார்க்கும் வி.ஏ.ஓ.விடம் போனேன். கடைக்கு வழக்கமாக வருகிறவர், நல்ல மனிதர்.

"ஏம்மா, அங்கன ஆளே இல்ல. பூட்டிக் கெடக்க வீட்டுல இவன் குடியிருக்கான்னு நான் எப்படி எழுத? நாளைக்கு போலீஸ் விசாரிக்க மேல போனா யாரப் பாப்பாங்க?"

அதுவும் சரிதான். கல்லிடைக்குறிச்சி வி.ஏ.ஓ.விடம் போனேன். வயதில் சின்னவர். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடேயே சொன்னார்.

"நீங்க இங்க வந்தே மூணு மாசம்தான் ஆவுது. ஒங்க தம்பிய நான் பாத்தது கூட இல்ல. நல்லவன்னு எப்படிங்க்கா எழுதிக் குடுக்க? பெறகு அது என் தலையிலல்லா விடியும்."

அதுவும் சரிதான். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். மலையில் இல்லாதவன், ஊரில் சேராதவன் என்று என் தம்பி இரண்டுக்கும் நடுவில் நின்றான். அப்படி நிறுத்தியது நான். ராத்திரி சாப்பிடும்போது அவனிடம் சொன்னேன், நான் ஆதாரை மாற்றியதுதான் காரணம் என்று. "விடுக்கா, பாத்துக்கலாம்" என்றான். அவன் திட்டியிருக்கலாம்.

கடைசியில் வழி பிறந்தது அம்மாவால். பெட்டியில் இருந்த காகிதங்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்து தாலுகா ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். கடையிலிருந்து நான் தற்செயலாக எதிரே பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஓடிப்போய், "எம்மா, இங்க என்ன செய்யுத?" என்றேன்.

"ஏட்டி, நீ போய் வேலையப் பாரு. நான் பாத்துட்டு வாரேன்."

தாசில்தார் ஒரு பெண். மூன்று மணிக்கு வெளியே கிளம்பியவர் அம்மாவைப் பார்த்து நின்றார். மஞ்சள் பையை அங்கேயே பிரித்தார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்ததற்கான சீட்டு, தடுப்பூசி அட்டை, மேலே இருந்த பள்ளிக்கூடத்தின் மாற்றுச் சான்று, அம்மாவின் வேலைக் காகிதம். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். "பொறந்தது அங்க, படிச்சது அங்க. பெறகு என்ன? இருப்பிடம் அதுதான். இப்ப எங்க இருக்காங்கன்னு ஒரு வரி சேத்து எழுதிக் கொண்டாங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். நன்னடத்தைச் சான்றுக்கு விடுதி வார்டனிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். இரண்டு முகவரியும் ஒரே ஆளுடையதுதான் என்று முத்திரைத் தாளில் ஓர் உறுதிமொழியும் வைத்தோம். உடல் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எல்லாம் கைக்கு வந்தது. அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இனி ஓடுவதுதானே பாக்கி, அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்தேன்.

நானும் கூடப் போனேன். மைதானத்துக்குள் வேறு யாரையும் விடமாட்டார்கள். விடியுமுன்பே பையன்களை வரிசையாக உள்ளே அனுப்பிவிட்டார்கள். வெளியே சாலை ஓரத்தில் அப்பாக்களும் அண்ணன்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் நான் ஒருத்தியும், வத்தலகுண்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்கும், கூட்டம் ஓடும் காலடிச் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் தோற்றவர்கள் சிறு வாசல் வழியாக வெளியே வரத் தொடங்குவார்கள். ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் எல்லோரும் எழுந்து நின்று முகங்களைத் தேடுவோம். நம் பையன் வரவில்லை என்றால் உட்காருவோம். வராமல் இருப்பதுதான் நல்ல செய்தி.

தம்பி மத்தியானம் வந்தான். முன்னங்கையில் மார்க்கரால் நம்பர் எழுதியிருந்தது. முகம் எல்லாம் சிரிப்பு.

"மொத குரூப்புலயே வந்துட்டேன்க்கா. ஓடி முடிச்சு நிக்கேன், பின்னால யாரும் வரல. தப்பா ஓடிட்டமோன்னு பயந்துட்டேன்."

பள்ளம் தாண்டியாகிவிட்டது, கம்பியில் பத்தும் ஏறியாகிவிட்டது. உயரம், மார்பளவு எல்லாம் சரி. காகிதங்களைப் பார்த்தவர் இரண்டு முகவரியையும் சுட்டிக் கேட்டாராம். உறுதிமொழியை எடுத்துக் காட்டியதும் படித்துப் பார்த்து முத்திரை குத்திவிட்டார். மறுநாள் மருத்துவப் பரிசோதனை மட்டும்தான். அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "சாப்டியால? சாப்டியா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தது எனக்கும் கேட்டது. நாங்கள் இருவரும் ஒரு மெஸ்ஸில் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம். தங்கியிருந்த அறைக்கு நடந்து போகும் வழியெல்லாம் அவன் ஓட்டத்தைப் பற்றியே பேசினான். மூன்றாவது சுற்றில் நெஞ்சு அடைத்ததாம், எங்கள் மலையில் ஊத்து எஸ்டேட்டுக்குப் போகும் ஏற்றம் ஞாபகம் வந்ததாம், அதைவிடவா இது என்று ஓடினானாம். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் மாலை ஒரு சீட்டோடு வந்தான். சிரிப்பு இல்லை. சீட்டை என் கையில் கொடுத்தான். 'டிஃபெக்டிவ் கலர் விஷன்' என்று எழுதி, தகுதியில்லை என்று முத்திரை. மறு பரிசோதனை வேண்டுமானால் சென்னையில் உள்ள ராணுவ ஆஸ்பத்திரிக்கு ஐந்து நாளுக்குள் போகலாம் என்று கீழே ஒரு வரி.

எனக்குப் புரியவில்லை. கண் பரிசோதனை செய்தோமே. நானே அவனைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவர் எழுத்தைப் படிக்கவைத்தேன். கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தான்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். "என்னலே காட்டுனாங்க?"

"ஒரு புஸ்தகம்க்கா. வட்டத்துக்குள்ள புள்ளி புள்ளியா இருக்கு. என்ன நம்பர்னு கேட்டாங்க. நம்பரே இல்ல."

போனில் தேடி அந்தப் படத்தை எடுத்தேன். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவில் எழுபத்து மூணு என்று பளிச்சென்று தெரிந்தது. அவன் முன்னால் நீட்டினேன்.

"இதுல என்ன தெரியுது?"

"புள்ளி."

"நல்லாப் பாருலே."

"நல்லாத்தாங்க்கா பாக்கேன்."

வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டினேன். ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினேன். என் விரலால் ஏழை வரைந்து காட்டினேன், மூணை வரைந்து காட்டினேன். அவன் என் விரல் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஒனக்கு நெசமாவே தெரியுதா?" என்று கேட்டான். ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தும் அவன் பார்க்கிற உலகம் வேறு என்பது எனக்கு அந்தப் பஸ்ஸில்தான் தெரிந்தது. அவனுக்கும் அங்கேதான் தெரிந்தது.

சின்ன வயதில் லீவு நாளில் அம்மாவோடு எஸ்டேட்டில் இருந்த காப்பித் தோட்டத்துக்குப் போவான். சிவந்த பழத்தை மட்டும் பறிக்கச் சொன்னால் அவன் கூடையில் பாதிக்குப் பாதி பச்சைக் காயாக இருக்கும். "கண்ணு எங்க இருக்கு? பராக்குப் பாத்துக்கிட்டே பறிக்க" என்று அம்மா திட்டுவாள். நானும் சிரித்திருக்கிறேன். கொஞ்ச நாளில் பழத்தைத் தொட்டு அமுக்கிப் பார்த்துப் பறிக்கக் கற்றுக்கொண்டான். அதை நாங்கள் திருந்திவிட்டான் என்று எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலையில் பாளையங்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அம்மாவும் வந்தாள். அவர் வேறொரு புத்தகத்தை வைத்துப் பொறுமையாகப் பார்த்தார். சிவப்பும் பச்சையும் இவருக்குக் கிட்டத்தட்ட ஒரே நிறமாகத் தெரியும் என்றார். பிறவியிலேயே வருவது, மருந்தோ ஆபரேஷனோ கிடையாது, கூடவும் செய்யாது குறையவும் செய்யாது, மற்றபடி கண் மிக நன்றாக இருக்கிறது என்றார்.

"எதனால டாக்டர் வருது?" என்று கேட்டது நான்தான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பெரும்பாலும் அம்மா வழியா வரும். அம்மாவுக்கு இருக்காது, பையனுக்கு வரும். தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்திருக்கலாம்."

அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் கண்ணு நல்லா இருக்குல்லா டாக்டர்? எனக்கு எல்லாக் கலரும் தெரியுது. எனக்கு வயசாயிட்டு. ஒரு கண்ண எடுத்து இவனுக்கு வச்சிர முடியுமா?" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்படி வைக்க முடியாதும்மா. ஒங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. இது யாரும் செஞ்சது இல்ல" என்றார். அம்மா தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து அவள் மனதில் நின்றது ஒரே ஒரு வார்த்தை. அம்மா வழி.

அதோடு விட்டிருக்கலாம். ஐந்து நாள் என்று போட்டிருந்த அந்த வரி எங்களை விடவில்லை. தம்பியோடு ஓடுகிற பையன்கள் வந்தார்கள். "எல்லாப் பயலுவளும் மனப்பாடம் பண்ணிட்டுத்தாங்க்கா போறானுவ. அந்தப் புஸ்தகம் எல்லா எடத்துலயும் ஒண்ணுதான்" என்றார்கள். எந்த வட்டத்தில் எந்த ஓரத்தில் எந்த அளவுப் புள்ளி இருக்கும், அதை வைத்து எந்த நம்பர் என்று எப்படிச் சொல்வது என்று ஒருவன் நோட்டில் எழுதியே வைத்திருந்தான்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் ஓர் எழுத்து மாறினாலும் ஒத்துக்கொள்ளாதவள் நான். அந்த நாட்களில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து படங்களைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு அவனைப் படிக்கவைத்தேன். ஒரு படத்தைக் காட்டுவேன், அவன் ஓரத்துப் புள்ளிகளை எண்ணிவிட்டு "இருபத்தொம்பது" என்பான். அடுத்தது, "அஞ்சு." அடுத்தது, "நாப்பத்தஞ்சு." சரியாகச் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் வரும். அவன் முகத்தில் ஒன்றும் வராது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்குத் தெரியுதே, ஆறுல்லா அது" என்பாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

சென்னைக்கு அவன் மட்டும் போனான். நெல்லை ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிடும்போது பிரிண்ட் எடுத்த தாள்களைப் பையில் வைத்தேன். பார்த்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் பதினொரு மணி வரைக்கும் நான் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு பெரியவர் முதியோர் பென்ஷனுக்கு எழுதச் சொல்லி நின்றார். அவர் பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

போன் வந்தபோது மணி பன்னிரண்டு.

"ஆகலக்கா."

"புஸ்தகம் மாறிட்டா?"

"அதே புஸ்தகம்தான். அந்த டாக்டர் பக்கத்தத் தலைகீழாத் திருப்பித் திருப்பிக் காட்டுனாரு. ரெண்டு சொல்லிட்டேன். மூணாவதுல நான் ஓரத்தப் பாக்கறதக் கண்டுட்டாரு போல. புஸ்தகத்த மூடிட்டு, 'தம்பி, தெரியுதா, மனப்பாடமா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"மனப்பாடம்னு சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து, "தெரியுதுன்னு சொன்னா என்னலே? ஒரு வார்த்த! இவ்வளவு பாடுபட்டு ஒரு வார்த்த சொல்ல முடியலியா ஒன்னால?" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் பஸ் சத்தத்துக்கு நடுவே அவன் சொன்னான்.

"எக்கா, அங்கன போய் எவனாவது செவப்பு வெளிச்சத்தக் காட்டி நில்லுன்னு சொன்னா, நான் பச்சைன்னு நெனச்சு ஓடிருவேன்லா. நான் மட்டும்னா பரவால்ல. என் பின்னால ஓடி வாரவனும்லா சாவான்."

நான் போனை வைத்துவிட்டேன். அவனுக்கு ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. கடைக்கார அண்ணாச்சி வந்து ஒரு டீயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அவனோடு ஓடியவர்களில் இரண்டு பேருக்கு அந்த வருஷம் கிடைத்தது. ஒருவனுக்குச் சேரும் உத்தரவு வந்ததும், பிரிண்ட் எடுக்க என் கடைக்குத்தான் வந்தான். என்னைப் பார்த்ததும் உள்ளே வர யோசித்து வெளியிலேயே நின்றான். "வாலே உள்ள" என்று கூப்பிட்டு எடுத்துக் கொடுத்தேன். மூன்று பிரதி எடுத்து, கவரில் போட்டு, எதை எதை மேலே வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்தது என் தம்பி. அவனுக்குக் கையெழுத்து அழகு. ரயில் ஏற்றிவிடவும் போனான். திரும்பி வந்ததும் நேரே ஆற்றில் போய்க் குளித்துவிட்டு வந்து படுத்தான். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடவில்லை.

இப்போது அவன் நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஒரு பார்சல் கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்குகிறான். காலையில் போனால் இருட்டிய பிறகு வருவான். ஓடுவதை விட்டுவிட்டான். அன்றைக்கு நான் கத்தியதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு தடவை மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். "அத விடுக்கா, நாளைக்கு வாடகை ரசீது வாங்கணும்லா" என்று பேச்சை மாற்றினான்.

கடைக்கு வருகிற பையன்களிடம் இப்போது விண்ணப்பம் போடும் முன்பே அந்தப் புள்ளிப் படங்களைக் காட்டுகிறேன். பெரும்பாலும் எல்லோரும் உடனே நம்பரைச் சொல்லிவிடுவார்கள். போன மாதம் வீரவநல்லூரிலிருந்து வந்த ஒருவன் மட்டும் போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறானாம், இவனும் மூன்று வருஷமாக ஓடுகிறானாம். அவன் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "நெட்டு சரியில்ல, நாளைக்கு வாப்பா" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் அவன் வந்தபோது, பாளையங்கோட்டை கண் டாக்டரின் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதற்குமேல் ஒன்றும் என்னால் முடியவில்லை.

அம்மாவிடம் பலமுறை எடுத்துச் சொல்லிவிட்டேன். பிறவியில் வந்தது, மாறாது என்று. சரி சரி என்பாள். பக்கத்து வீட்டில் யாரோ பொன்னாங்கண்ணிக் கீரை கண்ணுக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஆற்றங்கரையில் பறித்து வந்து ஆய்ந்து, பருப்புப் போட்டுக் கடைந்து வைக்கிறாள். "அடுத்த வருஷமும் வயசு இருக்குல்லாட்டி அவனுக்கு?" என்று நேற்றுக் காலை கேட்டாள். இருக்கிறது என்றேன். வயது இருக்கிறது, அது பொய்யில்லை.

தம்பி வேலையிலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டு உட்காருவான். அம்மா சோற்றின்மேல் கீரையை நிறைய வைப்பாள். அவன் அவளை ஒரு தடவை பார்ப்பான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சாப்பிடுவான்.